கார்ன்வாலிஸ் கோட்டையில் அடிக்கடி கேட்ட கேள்விகள்: கரிமருந்தும் ஒரு வட்ட அட்டையும்

பினாங்குக்கு வரும் சொந்தக்காரர்கள், நண்பர்களின் விருந்தாளிகள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் என்று பல வருடமாக யாரையாவது கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருக்கிறேன். என் தோள்பையில் எப்போதும் ஓர் அக்ரிலிக் குழாய் இருக்கும். ஒரு சாண் நீளம், உள்ளளவு 12 மில்லிமீட்டர். அடியில் கரிமருந்துக்குப் பதிலாகக் கறுப்பு எள், அதன்மேல் ஒரு வட்ட அட்டை, அதன்மேல் தேன்மெழுகு வில்லை, மறுபடி ஓர் அட்டை, உச்சியில் மரத்தில் கடைந்த குண்டு. பழைய காலத்துத் தோட்டாவின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்று செய்தது.

பீரங்கியைவிட அந்த வட்ட அட்டையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வெயிலில் நின்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனதால் எழுதிவைத்துவிட்டேன். நிஜமாகச் சுடுவது பற்றி இங்கே வரும் விவரங்கள் பெரும்பாலும் என் மச்சான் மகன் சொன்னவை. அவன் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கிறான், லைசென்சு எடுத்து அங்குள்ள கிளப்பில் கரிமருந்துத் துப்பாக்கி சுடுகிறான். நான் இதுவரை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை.

தக்கை, தக்கை என்கிறீர்களே, அது என்ன சார்? பாட்டில் மூடியா?

கிட்டத்தட்ட அதே வேலைதான். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு. ஆங்கிலத்தில் வாட் என்பார்கள். தமிழில் எல்லாரும் ஒத்துக்கொண்ட சொல் எதுவும் என் காதில் விழவில்லை, அதனால் தக்கை என்று நானே வைத்துக்கொண்டேன். அட்டையாக இருக்கலாம், கம்பளியாக இருக்கலாம், மெழுகாக இருக்கலாம், பழைய கயிற்றுப் பந்தாகவும் இருக்கலாம்.

கரிமருந்து என்பது பழைய கறுப்பு வெடிமருந்து. பற்றவைத்தால் நொடியில் வாயுவாக விரியும். அந்த வாயு குண்டைப் பின்னாலிருந்து தள்ள வேண்டும், பக்கவாட்டில் நழுவிப் போகக் கூடாது. நழுவ விடாமல் பிடிப்பதுதான் தக்கையின் முதல் வேலை. சைக்கிள் பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று ஏறாது, பார்த்திருப்பீர்கள். அதேதான் இது.

குண்டே குழாயை அடைத்துக்கொண்டுதானே இருக்கிறது? அப்புறம் எதற்குத் தனியாக ஒரு அட்டை?

அடைத்துக்கொண்டிருப்பது போலத் தெரியும். ரைஃபிளின் குழலுக்குள் சுருள் சுருளாக வரித்தடங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தத் தடங்களை முழுதாக நிரப்புவதற்குள் சூடான வாயு அந்தச் சந்து வழியாகப் பீறிட்டுவிடும். ஈயம் மெத்தென்ற உலோகம். வாயு போன வழியில் குண்டின் ஓரம் உருகிக் கோடு விழும், குண்டும் நேராகப் போகாது. அட்டை நடுவில் இருந்தால் அந்தச் சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு வேலையும் உண்டு. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். வெள்ளைப் புகையாகக் கொஞ்சம் போய்விடும், மீதி குழலுக்குள் கரிக்கசடாகப் படியும். நாலைந்து முறை சுட்டதும் கசடு காய்ந்து பொறுக்குத் தட்டிவிடும். தக்கையோடு மெழுகோ கொழுப்போ சேர்ந்து போனால் கசடு இளகி மெத்தென்று இருக்கும். அடுத்த தக்கை போகிற போக்கில் அதை வழித்துக்கொண்டும் போகும்.

பீரங்கிக்கும் இதே அட்டையா?

இல்லை. பீரங்கிக்குப் பெரும்பாலும் பழைய கயிறுதான். கப்பலில் அறுந்துபோன கயிறுகளைப் பிரித்து, சுருட்டி, பந்தாகவோ வளையமாகவோ கட்டி வைத்திருப்பார்கள். வைக்கோலும் உண்டு. துணிப்பையில் கட்டிய மருந்து முதலில், பிறகு குண்டு, கடைசியில் தக்கை. குண்டுக்கு முன்னால் எதற்கு அடைப்பு என்று கேட்டால், கோட்டை மதிலிலிருந்து கீழ்நோக்கிக் குறிவைக்கும்போது குண்டு உருண்டு வெளியே விழாமல் இருக்கத்தான். ஆடும் கப்பலில் இது இன்னும் முக்கியம்.

தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கிக்குத் தேங்காய் நாரை உருட்டி இடிப்பார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார். கயிற்றுப் பந்துக்கும் அதற்கும் வேலை ஒன்றே. கைக்கு எது கிடைக்கிறதோ அது.

பிரான்சிஸ் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசை வைத்துக் காட்டுக்குள் சுட்டாராமே, காசுக்கும் தக்கை வைத்தாரா?

பினாங்கில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை தாலாட்டு மாதிரி. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைப் பிடித்த லைட் இறங்கியபோது இந்த முனை முழுக்கக் காடு. வெட்டுவதற்கு ஆட்கள் மசியவில்லை. காசைக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடி எல்லாரும் காட்டை வெட்டினார்கள் என்பது கதை. நடந்ததா இல்லையா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நடந்திருந்தால் தக்கை வைத்தே ஆக வேண்டும். சிறுசிறு பொருள்களை ஒரு வாய்க்குள் போட்டால் இடையிடையே சந்து இருக்கும், வாயு முழுக்க அதில் போய்விடும். பின்னால் ஒரு கயிற்றுப் பந்து இருந்தால்தான் காசு காட்டுக்குள் போகும், இல்லாவிட்டால் காலடியில் கொட்டும்.

போகட்டும். அவர் முதலில் கட்டியது இந்த மதில் அல்ல, நிபோங் மரத்தை வரிசையாக நட்ட வேலி. செங்கல் மதில் 1800களின் தொடக்கத்தில் வந்தது. அதைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குக் காசுக் கதை தெரிந்த அளவுக்கு இது தெரியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

ஸ்ரீ ரம்பை பீரங்கிக்குள் இப்போதும் தக்கை இருக்குமா? பெண்கள் ஏன் அதற்குப் பூ வைத்தார்கள்?

ஒன்றும் இருக்காது. இந்தக் கோட்டையில் நிற்கும் பெரிய பீரங்கி அது, நீளம் 3 மீட்டருக்கு மேல், வாய் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். டச்சுக்காரர்கள் வார்த்தது, 1603 என்று ஆண்டு பொறித்திருக்கிறது. ஜொகூரிடமிருந்து சுமத்ராவின் அச்சே ஆட்கள் எடுத்துப்போய், பிறகு சிலாங்கூருக்கு வந்து, 1871இல் பிரிட்டிஷார் கோலசிலாங்கூரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. தக்கை இருக்க வேண்டிய இடத்தில் பூ. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பிடித்த விஷயம் இது.

தக்கை எரிந்துகொண்டே போய் எங்காவது விழாதா?

விழும். அதனால் பெரிய தீயே மூண்டிருக்கிறது. 1613இல் லண்டனில் குளோப் நாடக அரங்கத்தில் காட்சிக்காகப் பீரங்கி வெடித்தார்கள். குண்டு இல்லை, வெறும் மருந்தும் அடைப்பும்தான். எரிந்த துண்டு ஒன்று கூரைப் புல்லில் விழுந்து அரங்கமே சாம்பலானது. ஸ்ரீ ரம்பையை அச்சே ஆட்கள் ஜொகூரிலிருந்து தூக்கிப்போனதும் அதே 1613தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, ஆனால் பிள்ளைகளுக்கு ஆண்டு மனதில் நிற்க உதவுகிறது.

பழைய ஜார்ஜ் டவுனில் அத்தாப்பு என்னும் ஓலைக் கூரைதான் அதிகம். அந்தப் பக்கம் பார்த்துச் சுட யாருக்கும் தைரியம் வந்திருக்காது. பீரங்கிக்கு உள்ளேயும் கனல் தங்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் ஈரப் பஞ்சுக்கோலை விட்டுத் துடைத்துவிட்டு அடுத்த மருந்துப் பையை வைப்பார்கள். மருந்துப் பைக்குக் காகிதத்தைவிடக் கம்பளித் துணியை விரும்பியதும் அது கனிந்துகொண்டு உள்ளே கிடக்காது என்பதால்தான்.

பித்தளைத் தோட்டா வந்த பிறகு தக்கைக்கு என்ன வேலை?

வேலை அப்படியேதான் இருந்தது. குழலின் வாய் வழியாகத் திணித்தது போய்த் தோட்டாவுக்குள்ளேயே குடிவந்துவிட்டது, அவ்வளவுதான். ஸ்ரீ ரம்பை பினாங்குக்கு வந்த அதே 1871இல் பிரிட்டிஷ் ராணுவம் மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. அதன் தோட்டாவில் 5.5 கிராம் கரிமருந்து, 31 கிராம் குண்டு. நடுவில் அட்டை, குழிவான தேன்மெழுகு வில்லை, மறுபடி அட்டை. குண்டின் அடிப்பகுதியைச் சுற்றிக் காகிதம். என் குழாயில் நீங்கள் பார்க்கும் அடுக்கு அதைப் பார்த்துச் செய்ததுதான்.

மெழுகுக்கு இரு பக்கமும் அட்டை இருப்பதைக் கவனியுங்கள். கீழ் அட்டை மெழுகு மருந்தில் ஊறாமல் தடுக்கிறது. மேல் அட்டை மெழுகு குண்டின் அடியில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டு போனால் குண்டு தள்ளாடும். பெர்த்தில் மருமகன் இப்போதும் மேல்பக்கம் ஒரு மெல்லிய காகித வட்டம் வைக்கிறான், அது பிரிந்து விழட்டும் என்று.

எஸ்டேட்டில் பன்றி சுடுவார்களே, அந்த செனாப்பாங் தோட்டாவிலும் இதுதானா?

செனாப்பாங் என்றால் மலாயில் துப்பாக்கி. அதிலும் உண்டு. பழைய காகிதத் தோட்டாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மருந்துமேல் கெட்டி அட்டை, பிறகு தடிமனான நார்த் தக்கை, அதன்மேல் ரவைகள், வாயில் ஒரு மெல்லிய அட்டை. இப்போது பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி ஒன்று எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. பன்னிரண்டாம் நம்பர் துப்பாக்கி என்கிறார்களே, ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவுதான் அதன் குழல் அளவு. சுமார் 18.5 மில்லிமீட்டர்.

1857 சிப்பாய்க் கலகம் இந்தத் தக்கையால்தானே வந்தது? வேலூரிலும் அதேதானா?

பாதி சரி. என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டா பித்தளை அல்ல, காகிதம். பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டுள்ள பகுதியைக் காகிதத்தோடு உள்ளே திணிக்க வேண்டும். அந்தக் காகிதமே சந்தை அடைக்கும், தக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வழுக்கிப் போவதற்காகத் தடவிய கொழுப்பு மாட்டுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்று எழுந்த சந்தேகம்தான் நெருப்பு. நீங்களே தேன்மெழுகும் எண்ணெயும் வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று பிறகு அனுமதித்தார்கள். சந்தேகம் போகவில்லை. மார்ச் 29இல் பாரக்பூரில் எதிர்ப்பு, மே 10இல் மீரட்டில் கலகம். கலகத்துக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு, கொழுப்பு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் பினாங்கில் காவலுக்கு வந்தது மெட்ராஸ் ராணுவம், அதில் பெரும்பகுதி கலகத்தில் சேரவில்லை.

வேலூர் வேறு கதை. அது 1806 ஜூலை 10. புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றியில் சின்னம் இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற உத்தரவுகள். தோட்டாவுக்கு அங்கே இடமே இல்லை. வாட்ஸப்பில் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து யாரோ அனுப்பியிருக்கிறார்கள், மாதத்துக்கு ஒருவராவது அதைக் காட்டுகிறார்.

சரி அண்ணே, இந்த வட்டத்தை வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

மோட்டார் பட்டறையில் இஞ்சின் மூடிக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் தாள் தெரியுமா? பழுப்பு நிறத்தில், காகிதமும் இல்லாமல் அட்டையும் இல்லாமல் இருக்கும். அதுதான் என் முதல் சரக்கு. மருமகன் அங்கே காசு கொடுத்து வாங்கும் நார்த்தாள் தக்கையும் அதே சாதித் தாள்தான் என்று தெரிந்தபோது எனக்கு ஒரே சிரிப்பு. பட்டறையில் மிச்சம் மீதியைச் சும்மாவே தருகிறார்கள்.

வெட்டுவதற்கு இரும்புக்கடையில் விற்கும் வட்டப் பஞ்ச், அதாவது சுத்தியலால் அடித்து வட்டம் வெட்டும் இரும்புக் குழல், 12 மில்லிமீட்டர். அடியில் வைக்க மரக்கட்டை வேண்டும், அதில்தான் சூட்சுமம். பலகையின் மேற்பரப்பில் வைத்து அடித்தால் பஞ்ச் மர வரிகளை வெட்டிச் சிக்கிக்கொள்ளும். கட்டையைக் குறுக்கே அறுத்த முகத்தில், அதாவது ஆண்டு வளையம் தெரியும் பக்கத்தில் வைத்தால் பஞ்ச் ஓரம் மழுங்காது. கறிக்கடைக் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தியலால் ஒரே அடி, நேராக. இரண்டு அடி அடித்தால் ஓரத்தில் படிக்கட்டு விழும். ஐந்தாறு வட்டங்கள் பஞ்சுக்குள் அடுக்காகச் சேர்ந்ததும் பின்பக்க ஓட்டை வழியாக ஒரு ஆணியால் தள்ளினால் மாத்திரை மாதிரி உதிரும்.

உதிர்ந்ததை விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். ஓரத்தில் ரோமம் மாதிரி நார் நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சைத் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. முதல் நாள் நான் வெட்டிய நூறில் முப்பதுகூடத் தேறவில்லை. வீட்டுக்காரி அந்த மிச்சத்தைக் கோலப்பொடி டப்பாவுக்கு அடியில் கண்டுபிடித்துக் கேட்ட கேள்வி இந்தப் பட்டியலில் இல்லை.

பால் பெட்டி அட்டை, பிஸ்கட் பெட்டி அட்டை எல்லாம் ஆகுமா?

என் குழாய்க்கு எதுவும் ஆகும். நிஜமாகச் சுடுபவர்களும் பால் பெட்டியை வெட்டிப் பார்த்தவர்கள்தான். தடிமன் ஒரே சீராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துவது 0.75 அல்லது 1.5 மில்லிமீட்டர். பிஸ்கட் பெட்டி மெலிசு, அதோடு அழுத்தினால் படலம் படலமாகப் பிரியும். நெளி அட்டை கூடவே கூடாது, உள்ளே காற்றுதான் இருக்கிறது.

கைவினைக் கடையில் கலர் கலராக ஃபெல்ட் விற்கிறதே, அது?

ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றமும் உதிரும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகி மணி மாதிரி உருண்டுகொண்டால் பாலியெஸ்டர். இங்கே கடைகளில் எனக்குக் கிடைத்ததெல்லாம் இரண்டாவது வகை. நிஜத் துப்பாக்கியில் அது சூட்டில் உருகிக் குழலில் ஒட்டும் என்பதால் அங்கே யாரும் தொடுவதில்லை. பள்ளிக் காட்சிக்குப் பரவாயில்லை, சிவப்பு நிறம் பிள்ளைகளுக்குப் பளிச்சென்று தெரியும்.

மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினால் தேன்மெழுகு மாதிரிதானே?

புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த ஒரு அம்மா பை நிறைய மெழுகுவர்த்தித் துண்டோடு கேட்டார். கடை மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின், பெட்ரோலியத்திலிருந்து வருவது. கரிமருந்தோடு அது சேர்ந்தால் கசடு தார் மாதிரி கெட்டிப்படும் என்று சுடுபவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். தேன்மெழுகோடு ஆட்டுக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்ப்பது அவர்கள் கைப்பக்குவம். நான் சைவம், தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விடுவேன்.

உருக்கும்போது பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். கொதிநீருக்குள் இன்னொரு கிண்ணம். நேர் நெருப்பில் மெழுகு புகைந்து பற்றிக்கொள்ளும். உருகியதைத் தட்டில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, முழுதாக ஆறி இறுகும் முன், பால்கோவா பதத்தில் இருக்கும்போதே பஞ்சால் வெட்ட வேண்டும். இறுகிவிட்டால் ஓரம் உடைந்து நிலா மாதிரி ஆகிவிடும்.

வட்டம் அரை மில்லி குறைந்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும்?

என் எள்ளுக்கு ஒன்றும் ஆகாது. துப்பாக்கியில் முழுகும். 45 காலிபர் ரைஃபிள் (பெயரளவில் 0.45 அங்குலக் குழல்) என்றால் வரித்தடத்தின் அடியிலிருந்து அடிக்கு அளந்தால் சுமார் 11.63 மில்லிமீட்டர். தக்கையை 11.7 அளவுக்கு வெட்டுகிறார்கள், ஒரு மயிரிழை பெரிதாக. வரித்தடத்தின் ஆழமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அரை மில்லி குறைந்தால் தக்கை தடத்தைத் தொடவே தொடாது, அது இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மருமகன் சுட்டு முடித்ததும் குறிப்பலகையைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பானாம். பத்துப் பதினைந்து அடியில் சுட்ட தக்கைகள் சிதறிக் கிடக்கும். ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். வட்டத்தின் ஓரம் முழுக்க வரித்தடத்தின் பல் பதிந்திருந்தது, ஓரிடத்தில் மட்டும் கடித்துத் தின்ற மாதிரி கருகியிருந்தது. ‘வாயு அங்கேதான் தப்பித்தது மாமா’ என்று கீழே எழுதியிருந்தான். பஞ்சின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்ததாம்.

மருந்தைக் குறைத்துப் போட்டுவிட்டு, மீதி இடத்தைக் காலியாக விடலாமா?

இதைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், தர்க்கம் சரியாகத்தான் இருந்தது: குறைந்த மருந்து, குறைந்த ஆபத்து. கரிமருந்தில் அந்தக் கணக்கு செல்லாது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடம் இருந்தால் அழுத்தம் ஓரிடத்தில் மோதிக் குழல் வளையம் போலப் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதனால் மருந்து குறைந்தால் அந்த இடத்தைத் தக்கைகளாலோ வேறு நிரப்பியாலோ நிரப்பிவிடுவார்கள். தக்கை மருந்தின்மேல் அழுந்தி உட்கார வேண்டும், தொங்கக் கூடாது. என் குழாயைக் குலுக்கினால் எள் சத்தம் போடாததும் இதனால்தான்.

புகையில்லாத புது மருந்துக்கும் இதே தக்கையை வைக்கலாம்தானே?

கூடாது. அது வேறு சாதி மருந்து, அழுத்தமும் வேறு. மேலே சொன்ன நிரப்பும் கணக்கை அங்கே கொண்டுபோனால் துப்பாக்கி கையிலேயே கெட்டுப்போகும் என்பது மருமகனின் கிளப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

நம்ம ஊர் வெயிலுக்கு மெழுகுத் தக்கை தாங்குமா?

நிழலில் தாங்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் எண்ணெய் சேர்த்த மெழுகு அதற்கு வெகு முன்னாலேயே குழைந்துவிடும். போன வருடம் எஸ்பிளனேடு பக்கம் காரை நிறுத்திவிட்டு, பையை டாஷ்போர்டு மேலேயே மறந்துவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் வில்லை குழைந்து, கீழ் அட்டையைத் தாண்டி வழிந்து, மேல் பாதி எள் பூராவும் பளபளவென்று ஊறிப்போயிருந்தது. அது நிஜ மருந்தாக இருந்திருந்தால் ஊறிய பகுதி சரியாகப் பற்றியிருக்காது. மெழுகுக்கும் மருந்துக்கும் நடுவே ஏன் கெட்டி அட்டை என்று மார்ட்டினி-ஹென்றி பற்றிச் சொன்னேனே, அன்றைக்குத்தான் அது எனக்கே முழுதாகப் புரிந்தது. என் கீழ் அட்டை பிஸ்கட் பெட்டி அட்டை. அன்று மாலையே கேஸ்கெட் தாளுக்கு மாற்றினேன்.

வெற்றுத் தோட்டாவில் குண்டு கிடையாது, தக்கை மட்டும்தான். பட்டால் வலிக்காதுதானே?

ஆளைக் கொல்லும். 1984இல் அமெரிக்காவில் ஜான்-எரிக் ஹெக்ஸம் என்ற நடிகர் படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட கைத்துப்பாக்கியை விளையாட்டாகத் தலையில் வைத்து அழுத்தினார். தக்கையும் வாயுவும் சேர்ந்த அடியில் மண்டையோடு உள்ளே நொறுங்கியது, சில நாளில் இறந்துபோனார். பத்தடி தள்ளி வெறும் அட்டையாக விழுவது, தொடும் தூரத்தில் அட்டையாக இருக்காது. சினிமாவில் பார்த்துவிட்டு இதைக் கேட்கும் பையன்களிடம் மட்டும் நான் சிரிக்காமல் பதில் சொல்வேன்.

அங்கிள், ஒரே ஒரு தடவை நிஜ மருந்து வைத்துக் காட்டுங்களேன்! இங்கே சட்டம் அவ்வளவு கடுமையா?

கடுமை. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசென்சு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. போலித் துப்பாக்கிக்கும் அனுமதி வேண்டும். வெடிமருந்துக்கு 1957ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது. 1971ஆம் ஆண்டு வந்த கூடுதல் தண்டனைச் சட்டத்தில், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. வீட்டில் தோட்டா நிரப்பும் பொழுதுபோக்கு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் அங்குள்ள சட்டப்படி செய்வது, அதை யூடியூப்பில் பார்த்துவிட்டு பட்டர்வர்த்தில் முயலக் கூடாது. நோன்புப் பெருநாள் சமயத்தில் மூங்கில் பீரங்கி வெடித்து விரல் போன பையன்களின் செய்தியைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

அட்டையில் வட்டம் வெட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நான் அங்கேயே நின்றுகொள்கிறேன். குழாயை உலோகத்தில் செய்யாமல் அக்ரிலிக்கில் செய்ததும், குண்டை மரத்தில் கடைந்ததும் யார் பையைத் திறந்து பார்த்தாலும் ஒரு நொடியில் புரியட்டும் என்றுதான். ஒரு முறை படகுத்துறையில் ஒரு காவலர் எடுத்துப் பார்த்தார். எள்ளை முகர்ந்துவிட்டு, ‘இனி பிஜான்?’ (இது எள்ளா?) என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன், விட்டுவிட்டார்.

எங்கள் பள்ளிக்கும் கொண்டுவந்து காட்டுவீர்களா? அந்த எள்ளை முடிந்ததும் என்ன செய்வீர்கள்?

பினாங்குத் தீவு, பிறை, பட்டர்வர்த் என்றால் வருகிறேன். கோலாலம்பூர் என்றால் ரயில் டிக்கெட்டு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே வெட்டிப் பார்க்கப் பஞ்சும் கட்டையும் கொண்டுவருவேன், சுத்தியலை மட்டும் ஆசிரியர் கையில் வைத்திருக்கட்டும். ஒரு வகுப்புக்கு ஒரு மணி நேரம் போதும், கேஸ்கெட் தாள் இரண்டு தாள்.

எள்ளை எள்ளுருண்டைக்குத் தரச் சொல்லி ஒரு பாட்டி கேட்டார். மூன்று மாதம் மெழுகு வாடையில் கிடந்த எள் பாட்டி அது, எறும்புகூடத் தொடவில்லை.